ஏழெட்டு எவ்வளவு?

மூன்றாம் வகுப்பு படிக்கும் என் மகள் எட்டாம் வாய்ப்பாட்டை ஒரே மூச்சில் ஒப்பித்துவிடுவாள். "சரி, ஏழெட்டு எவ்வளவு?" என்று இடையில் கேட்டால் முகம் வாடிவிடும். உதடு மட்டும் அசையும். 'எய்ட் ஒன்ஸ் ஆர் எய்ட்' என்று முதலிலிருந்து ஓடி வந்துதான் ஐம்பத்தாறில் நிற்பாள். வகுப்பில் அவ்வளவு நேரம் யார் காத்திருப்பார்கள்? பதில் வரத் தாமதமானதால் ஒருநாள் பெஞ்ச் மேல் ஏற்றி நிறுத்தியிருக்கிறார்கள். அன்றிலிருந்து தெரிந்த விடைகூட வாயில் வரவில்லை.

வாய்ப்பாடு மனப்பாடமாக இருக்க வேண்டும் என்பதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. கால்குலேட்டர் இருக்கிறதே என்பவர்கள், ஐந்தாம் வகுப்புப் பிள்ளை நீள்வகுத்தல் போடும்போது பக்கத்தில் உட்கார்ந்து பாருங்கள். ஒவ்வொரு படியிலும் விரல்விட்டு எண்ணினால், எதற்காக வகுக்கிறோம் என்பதே அதற்கு மறந்துவிடும். ஆனால் வரிசையாக ஒப்பிப்பது வேறு, கேட்டவுடன் நினைவுக்கு வருவது வேறு. நாம் முதலாவதைப் பழக்கிவிட்டு இரண்டாவதைக் கேட்கிறோம்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை இருவரும் பத்துக்குப் பத்து கட்டம் போட்டோம். மொத்தம் 100 விடைகள். மூவெட்டும் எண்மூன்றும் ஒன்றுதானே, அப்படித் திருப்பிப் போட்டதையெல்லாம் அடித்தால் 55. ஒன்று, இரண்டு, ஐந்து, பத்து அவளுக்கே சுலபம், அதையும் அடித்தால் 21. ஒன்பதாம் வாய்ப்பாடு விரலிலேயே இருக்கிறது. பத்து விரலையும் விரித்து நாலாவதை மடக்கினால் இடப்பக்கம் மூன்று, வலப்பக்கம் ஆறு. நாலொன்பது முப்பத்தாறு. அதுவும் போக மிச்சம் 15. "இவ்வளவுதானா அம்மா?" என்று கேட்டாள். இத்தனை நாள் பிள்ளையின் தலையில் மலையை வைத்திருந்தோமே என்று எனக்கு அழுகை வந்துவிட்டது.

அந்தப் பதினைந்தையும் தினசரி காலண்டரில் கிழித்த தாள்களின் பின்பக்கம் எழுதி ஒரு டப்பாவில் போட்டோம். ராத்திரி சாப்பாட்டுக்கு அப்புறம் மூன்றே மூன்று சீட்டு. தெரியாவிட்டால் திட்டு கிடையாது, சீட்டு டப்பாவுக்கே திரும்பிவிடும். மறந்தால் வழி கண்டுபிடிக்கவும் சொல்லிக் கொடுத்தேன். ஏழெட்டு தெரியவில்லையா, ஏழை இரட்டித்தால் பதினாலு, அதை இரட்டித்தால் இருபத்தெட்டு, இன்னொருமுறை இரட்டித்தால் ஐம்பத்தாறு.

இன்னொன்றும் செய்தேன். வீட்டில் வாய்ப்பாட்டைத் தமிழிலேயே சொன்னோம். ஓரெட்டு, ஈரெட்டு, மூவெட்டு, நாலெட்டு, ஐயெட்டு. இரண்டு எண்ணும் ஒட்டிக்கொண்டு ஒரே சொல்லாகிவிடுகிறது, விடை அதன் வாலைப் பிடித்துக்கொண்டு வருகிறது. பெருக்கல் நம் பேச்சிலேயே கிடக்கிறது. ஈரேழு பதினாலு லோகம் என்கிறோம். பட்டினத்தார் தாய் சுமந்த பத்து மாதத்தை 'ஐயிரண்டு திங்கள்' என்கிறார். ஈரெட்டில் கல்வி, மூவெட்டில் கல்யாணம், நாலெட்டில் பிள்ளை, ஐயெட்டில் செல்வம் என்று பெரியவர்கள் சொல்வதில் எட்டாம் வாய்ப்பாடு பாதி வந்துவிடுகிறது. ஆங்கில வழியில் படிக்கிற பிள்ளைக்கு இந்த ஓசை கிடைப்பதே இல்லை.

என் தாத்தா அரிசி மண்டியில் கணக்கு எழுதியவர். திண்ணைப் பள்ளியில் எண்சுவடி என்ற பழைய வாய்ப்பாட்டு நூலைப் படித்தவர். முழு எண்ணோடு நிற்காமல் கால், அரைக்கால், முக்கால், மாகாணி என்று பின்னத்துக்கும் அவரிடம் வாய்ப்பாடு இருந்தது. மாகாணி என்றால் பதினாறில் ஒரு பங்கு. "பதின்மூன்று முக்கால் ஒன்பதே முக்கால்" என்று மூட்டையைப் பார்த்தபடியே சொல்வார். மாணவர் தலைவனான சட்டாம்பிள்ளை முன்னே சொல்ல, மற்றவர்கள் கூடவே உரக்கச் சொல்லிப் படித்தார்களாம். அந்தத் திண்ணையில் பிரம்பும் இருந்தது, பிள்ளையைக் கயிற்றில் தொங்கவிடும் கோதண்டம் என்ற தண்டனையும் இருந்தது. அதனால் பழசையெல்லாம் அப்படியே கொண்டுவரச் சொல்லமாட்டேன். கூடிச் சத்தமாகச் சொல்லும் பழக்கம் மட்டும் வேண்டும், அடி வேண்டாம். பிள்ளைகளை அடிப்பதையும் மனம் நோகடிப்பதையும் 2009 கல்வி உரிமைச் சட்டமே தடை செய்திருக்கிறது. பெஞ்ச் மேல் ஏற்றி நிறுத்துவது வேறென்ன?

நேற்று டப்பாவில் இரண்டு சீட்டுதான் மிச்சம். ஒன்றைப் பிரித்தாள். ஏழெட்டு. உதடு அசையவில்லை. "ஐம்பத்தாறு" என்று சொல்லிவிட்டுத் தட்டை எடுத்துக்கொண்டு கழுவப் போனாள். ஆறேழு இன்னும் டப்பாவில் இருக்கிறது.