வேலை முடிந்தால் சாவியைக் கொடுத்துவிட்டுப் போ

மடிக்கணினியில் இருக்கும் ஆன்டிவைரஸை (வைரஸ் தடுப்பு மென்பொருளை) நீக்க முடியவில்லை என்று ஞாயிற்றுக்கிழமை நான் போட்ட பதிவையும் அதன் கீழே நடந்த கூத்தையும் பார்த்திருப்பீர்கள். "அக்கா, அன்இன்ஸ்டால் கொடுத்தால் போச்சு, இதற்கு ஒரு பதிவா?" என்று கேட்ட தம்பிக்கு 41 சிரிப்புப் பொம்மைகள். எண்ணினேன். சரி, சிரித்து முடித்தாயிற்றா? இப்போது நான் பேசலாமா?

அன்இன்ஸ்டால் கொடுக்காமலா தம்பி மூன்று ராத்திரி உட்கார்ந்திருந்தேன்? கொடுத்தேன். "நிச்சயமாகவா?" என்றது. ஆமாம் என்றேன். "பாதுகாப்பே இல்லாமல் இருக்கப் போகிறீர்களா?" என்று சிவப்பில் மிரட்டியது. அதற்கும் ஆமாம். பாதி விலைக்குத் தருகிறேன் என்று பேரம் பேசியது. ஒருவழியாகப் போய்விட்டேன் என்றது. கணினியை அடைத்துத் திறந்தால், என்னென்ன ஓடுகிறது என்று காட்டும் டாஸ்க் மேனேஜரில், பின்னணியில் ஓடும் அதன் இரண்டு சர்வீஸ்கள் சம்மணம் போட்டு உட்கார்ந்திருக்கின்றன. ஃபோல்டரை அழிக்கப் போனால் அனுமதி இல்லை என்கிறது. சிங்கப்பூர் ஈசூனில் என் வீட்டு மேசையில், என் காசில் வாங்கிய கணினியில், எனக்கு அனுமதி இல்லையாம்!

நான் கேட்பது ஒன்றுதான். உள்ளே வந்த சுலபத்தில் வெளியே போக வேண்டும். சொல்லப்போனால் நான் அதைக் கூப்பிடவே இல்லை. மடிக்கணினி வாங்கியபோதே ஓராண்டு இலவசம் என்று உள்ளே குந்தியிருந்தது.

"வைரஸ் முதலில் ஆன்டிவைரஸைத்தான் கொல்லப் பார்க்கும், அதனால் அது தன்னைப் பூட்டிக்கொள்கிறது" என்று பாடம் எடுக்க வருவீர்கள். நியாயம்தான், ஒப்புக்கொள்கிறேன். இந்த வகை மென்பொருள் விண்டோஸின் அடிமடியில் உட்கார்ந்திருக்கிறது என்பதும் தெரியும். 2024 ஜூலை 19 மறந்துவிட்டதா? க்ரவுட்ஸ்டிரைக் என்ற கணினிப் பாதுகாப்பு நிறுவனத்தின் ஒரே ஒரு கோளாறான அப்டேட், உலகம் முழுக்க சுமார் 85 லட்சம் கணினிகள் படுத்துவிட்டன. சாங்கி விமான நிலையத்தில்கூட சில விமான நிறுவனங்கள் கையால் செக்-இன் செய்தன. அவ்வளவு ஆழத்தில் இருக்கட்டும். ஆனால் பாஸ்வேர்டு போட்டு உள்ளே வந்த வீட்டுக்காரிக்கும் வைரஸுக்கும் வித்தியாசம் தெரியாதது என்ன காவல்?

என் அப்பா பாசிர் பாஞ்சாங்கில் ஒரு கிடங்கில் ஜாகாவாக, அதாவது காவலாளியாக இருந்தவர். வேலையை விட்ட அன்று சாவி வளையத்தை மேசையில் வைத்து, ஒவ்வொன்றாக எண்ணிக் காட்டினாராம். பின்பக்கக் கால்வாய்க் கதவுக்கு ஒரு சாவி இருந்தது முதலாளிக்கே நினைவில்லை. அப்பா அதையும் கொடுத்துவிட்டுத்தான் பஸ் ஏறினார். எழுதப் படிக்கத் தெரியாத மனிதர்.

"கணினிக் கடைகள் இருக்கும் சிம் லிம் ஸ்குவேருக்குத் தூக்கிக்கொண்டு போக வேண்டியதுதானே?" எதற்கு? நான் அழைக்காத ஆளை வெளியேற்ற நானே கூலி கொடுக்கவா? "மேக் வாங்குங்கள்" என்றவர்களுக்குப் பதில் கிடையாது.

கடைசியில் எப்படிப் போனது தெரியுமா? அந்த நிறுவனமே தனியாக ஒரு நீக்கும் கருவி வைத்திருக்கிறது, உதவிப் பக்கத்தின் ஏதோ மூலையில். சாதாரண வழியில் முழுதாகப் போகாது என்று அவர்களுக்கே தெரிந்திருக்கிறது! ஷிஃப்டை அழுத்திக்கொண்டு ரீஸ்டார்ட் கொடுத்து அத்தியாவசியமானவை மட்டும் ஓடும் சேஃப் மோடுக்குப் போனால், வட்டைப் பூட்டிவைக்கும் பிட்லாக்கர் 48 இலக்க எண் கேட்கிறது. மைக்ரோசாஃப்ட் கணக்கில் தேடிப்பிடித்து, கைப்பேசியைப் பார்த்துப் பார்த்துத் தட்டினேன். கருவியை ஓட்டி மறுபடி திறந்ததும், விண்டோஸோடு வரும் டிஃபெண்டர் என்ற ஆன்டிவைரஸ் சத்தமில்லாமல் தானே எழுந்துகொண்டது. இத்தனை நாள் அந்த அழையா விருந்தாளி வாசலில் நின்றதால் டிஃபெண்டர் ஒதுங்கியிருந்ததாம்.

"இதற்கு ஒரு பதிவா" என்று இன்னொரு முறை கேளுங்கள். பக்கத்து புளோக்கில் தனியாக இருக்கும் பாட்டிக்கும் இதே சிவப்புப் பெட்டிதான் வருகிறது. மோசடிக்காரன் காட்டுவதும் அச்சு அசல் இதே பெட்டிதான், தொலைபேசி எண்ணோடு. சிவப்பைக் கண்டால் சொன்னதைச் செய் என்று பழக்கிவிட்டு, அப்புறம் மோசடி உதவி எண் 1799க்கு அழையுங்கள் என்றால் எப்படி? அந்தப் பாட்டி கேட்டாலும் சிரிப்புப் பொம்மைதான் போடுவீர்களா?

அந்த 41 பேரில் என் தங்கை மகனும் இருக்கிறான். அவனுக்குக் கணினியில் தமிழ் தட்டச் சொல்லிக்கொடுத்ததே நான்தான். 28 வருடம் அலுவலகத்தில் கணினியோடு மல்லுக்கட்டிய பெரியம்மாவுக்கு அன்இன்ஸ்டால் தெரியாதாம்.

பிரௌசரில் அந்த ஆன்டிவைரஸின் எக்ஸ்டென்ஷன் (துணைநிரல்) மட்டும் இன்னும் இருக்கிறது. எடுக்கத் தெரியும். "அக்கா" என்று யாரும் ஆரம்பிக்க வேண்டாம்.