கணக்கில் வராத ஆட்டங்கள்

2024 மே மாதம் மேஜர் லீக் பேஸ்பால், நிறவெறியால் ஒதுக்கப்பட்ட கறுப்பினத்தவர் ஆடிய பழைய நீக்ரோ லீக் ஆட்டங்களைத் தன் சாதனைப் பட்டியலில் சேர்த்தது. அந்த லீக்கில் ஆடிய ஜாஷ் கிப்சன் .372 பேட்டிங் சராசரியோடு, அதுவரை முன்னால் இருந்த டை காப்பை முந்தி முதலிடத்துக்கு வந்தார், இறந்து 77 வருடம் கழித்து. எனக்கும் சந்தோஷம்தான். ஆனால் இத்தோடு பழைய பாக்கி தீர்ந்தது என்று பேசுவதை என்னால் ஏற்க முடியவில்லை.

பேஸ்பால் சாதனையாளர்களைக் கௌரவிக்கும் ஹால் ஆஃப் ஃபேமில் கிப்சனின் பட்டயத்தில் ஏறக்குறைய 800 ஹோம் ரன் (நம் சிக்ஸர் மாதிரி) என்று பொறித்திருக்கிறார்கள். புதிய பட்டியலில் 200கூட இல்லை. அந்த 800 சரியா என்று வாதாடலாம். ஆனால் லீக்குக்கு வெளியே கிப்சனைப் போன்ற கறுப்பின ஆட்டக்காரர்கள் ஊர் ஊராகப் போய் ஆடியது உண்மை. எதிரில் பல நாள் நின்றவை செமி-ப்ரோ அணிகள், அதாவது பகுதிநேர ஆட்டக்காரர்கள். வாரமெல்லாம் உலையிலும் சுரங்கத்திலும் வேலை, ஓய்வு கிடைத்தால் ஆட்டம், வசூலில் ஏதோ ஒரு பங்கு. கிப்சன் ஆடிய ஹோம்ஸ்டெட் கிரேஸ் அணியே எஃகு ஆலைத் தொழிலாளர்கள் ஆரம்பித்ததுதான். பின்னாளில் மேஜர் லீக் நட்சத்திரமான வில்லி மேஸின் அப்பாவும் அலபாமா மாநிலத்தின் பர்மிங்ஹாம் பக்கம் ஆலை அணிகளில் ஆடியவர்.

இன்னொரு ஆட்டத்தைச் சொல்லியே ஆக வேண்டும். 1925 ஜூன் 21, கான்சாஸ் மாநிலம் விச்சிட்டா. கறுப்பினத்தவரின் மான்ரோவியன்ஸ் அணிக்கு எதிராக இறங்கியது கு க்ளக்ஸ் க்ளான் என்ற வெள்ளை இனவெறி அமைப்பின் அணி! உரிமம் இல்லாமல் க்ளான் இயங்கக் கூடாது என்று மாநில உச்ச நீதிமன்றம் அந்த ஜனவரியில்தான் சொல்லியிருந்தது. நல்ல பெயர் வாங்க இறங்கினார்கள் என்றே நினைக்கிறேன். நடுவர்கள் இரண்டு வெள்ளைக் கத்தோலிக்கர்கள். க்ளானுக்குக் கத்தோலிக்கர்களும் ஆகாது, அதனால் நடுவர்கள் அந்தப் பக்கம் சாய மாட்டார்கள். சவரக்கத்தி, குதிரைச் சாட்டை எதற்கும் அனுமதியில்லை என்று உள்ளூர்ப் பத்திரிகை எழுதியது. மான்ரோவியன்ஸ் 10-8 என்று ஜெயித்தார்கள்.

இந்த வெற்றிக்கு எந்த லீக் பட்டியலிலும் இடமில்லை. அன்று பந்து வீசியவரின் பெயர் எத்தனை ரசிகர்களுக்குத் தெரியும்? இந்த ஆட்டங்களை மேஜர் லீக் கணக்கோடு கலக்கச் சொல்லவில்லை, தரம் வேறு வேறு. தனியாக ஒரு பதிவேடு போடலாமே என்கிறேன். சின்ன ஊர்ப் பத்திரிகைகளின் மூலையில் ஸ்கோர் விவரம் பொடி எழுத்தில் கிடக்கிறது; அதைத் தேடி எடுப்பவர்கள் பெரும்பாலும் சொந்த ஆர்வத்தில் செய்கிறார்கள். 2024 ஜூனில் பர்மிங்ஹாமின் நீக்ரோ லீக் அணி ஆடிய பழைய ரிக்வுட் மைதானத்தில் மேஜர் லீக் ஆட்டத்தையே நடத்திக் காட்டினார்களே, அந்தக் காசில் கொஞ்சத்தை இதற்கும் ஒதுக்கட்டும்.