ஞாயிறு ஆட்டம் ஒப்புக்கு இல்லை

“விடுங்கோ அண்ணை, சீசன் முடிஞ்சுது. ஞாயிறு மேட்ச் சும்மா ஒப்புக்குத்தானே” என்று பரந்தன் சந்தித் தேநீர்க்கடையில் ஒரு தம்பி சொன்னான். அவனும் என்னைப் போல இங்கிலாந்தின் மன்செஸ்டர் யுனைடெட் உதைபந்தாட்டக் கழகத்தின் ஆள்தான். எனக்குப் பொத்துக்கொண்டு வந்தது. 2025 மே 25, அஸ்டன் வில்லாவோடு எங்கள் மைதானமான ஒல்ட் ட்ரபர்ட்டில், சொந்தச் சனத்துக்கு முன்னால் ஆடுகிற கடைசி லீக் ஆட்டம். அது எப்படி ஒப்புக்கு ஆகும்? பார்க்கிற நாங்களே இப்படிச் சொல்லத் தொடங்கினால் ஆடுகிறவனுக்கு எங்கே ரோசம் வரும்?

புதன் இரவை நினைத்தால் இன்னும் வயிறு எரிகிறது. ஐரோப்பியக் கழகங்களுக்கான யூரோப்பா லீக் கிண்ணத்தின் இறுதி ஆட்டம், டொட்டன்ஹாமோடு, ஸ்பெயினின் பில்பாவோவில். எங்கள் நேரத்துக்கு நள்ளிரவு 12.30. வீட்டில் எல்லோரும் படுத்த பிறகு விறாந்தையில் பாயைப் போட்டு, நுளம்புத்திரி கொளுத்தி, செம்பில் போனைச் சாய்த்து வைத்துக்கொண்டு குந்தினேன். விடிய 5.30க்கு வயலுக்குத் தண்ணி மாற்றப் போகவேண்டும். சிறுபோகம், இரணைமடு வாய்க்காலில் எங்கள் முறை. பரவாயில்லை, கோப்பை வந்தால் நித்திரை போனாலும் சரி என்றுதான் இருந்தேன்.

42ஆவது நிமிடம். டொட்டன்ஹாமின் சார் இடப்பக்கமிருந்து பந்தை உள்ளே போட்டார். ஜோன்சனுக்கு அது சரியாகப் படவும் இல்லை. எங்கள் லூக் ஷோவின் கையில் பட்டு, திரும்ப ஜோன்சனின் காலில் தட்டுப்பட்டு, உருண்டு உள்ளே போனது. ஒரு அழகான கோல் வாங்கித் தோற்றாலாவது மனம் ஆறும். இது வரம்பு உடைந்து தண்ணி ஓடுகிற மாதிரி, பார்த்துக்கொண்டிருக்கவே போய்விட்டது.

அதன் பிறகு பந்து முழுக்க எங்களிடம்தான். டொட்டன்ஹாம் பின்னால் இறங்கி நின்றுகொண்டது. பிறகு பின்வரிசை ஆள் டான்சோவையும் இறக்கி இன்னும் இறுக்கிக்கொண்டது. நாங்கள் என்ன செய்தோம்? மகுவாயர் யோரோவுக்கு, யோரோ மஸ்ராவிக்கு, மஸ்ராவி திரும்ப யோரோவுக்கு. முன்னுக்கு ஒரு பந்து போகாதா என்று போனோடு கதைத்துக்கொண்டிருந்தேன். ஒரே ஒரு தடவை அவர்களின் கோல்காப்பாளர் விக்காரியோ பந்தைத் தவறவிட, எங்கள் ஹொய்லுண்ட் தலையால் முட்டினார். கோல் என்று பாயை விட்டு எழும்பிவிட்டேன். அவர்களின் வான் டி வென் பின்பக்கம் பாய்ந்து, காலைத் தலைக்கு மேல் தூக்கி, கோட்டிலேயே வைத்து உதைத்து வெளியே எடுத்தார். நிலைகுலைந்த நிலையிலும் அவர் அந்தப் பந்தை விடவில்லை. அந்த வெறியை எங்கள் பக்கத்தில் எத்தனை பேரிடம் கண்டோம்?

0-1. இந்தச் சீசனில் அதே டொட்டன்ஹாமிடம் நாலாவது தோல்வி. லீக்கிலே 2, லீக் கிண்ணத்தில் 1, இறுதி ஆட்டத்தில் 1. ஒரே அணியிடம் நாலு தடவை அடி வாங்கிவிட்டு, நாலாவது தடவையும் அதே மாதிரி ஆடினால் அதை என்னவென்று சொல்வது!

எங்கள் பயிற்சியாளர் ரூபன் அமோரிம் மேல் எனக்குத் தனிப்பட்ட கோபம் இல்லை. நவம்பரில், சீசன் நடுவில் வந்தவர். தன்னுடைய ஆட்களைச் சேர்க்க நேரம் கிடைக்கவில்லை. ஆனால் அந்த 3-4-2-1 ஆட்ட அமைப்பை விட்டு ஒரு அடி அசையமாட்டேன் என்று நிற்கிறாரே, அதுதான் தாங்கமுடியவில்லை. மண்ணைப் பார்த்துத்தான் விதைக்கவேண்டும். மார்ச் 16 லெஸ்டரை வென்ற பிறகு லீக்கில் 8 ஆட்டம்: 6 தோல்வி, 2 சமநிலை, ஒரு வெற்றி கிடையாது. 37 ஆட்டத்தில் 18 தோல்வி. ஒல்ட் ட்ரபர்ட்டில் ஆடிய 18இல் 9 தோல்வி. எதிரணி பயந்து பயந்து வந்த மைதானம் அது!

சரி, ஞாயிறு. எங்கள் நேரம் இரவு 8.30. வில்லாவுக்கு இது வாழ்வா சாவா. செல்சி, நியூகாசில், வில்லா மூன்றும் 66 புள்ளி, ஐரோப்பாவின் பெரிய கிண்ணமான சம்பியன்ஸ் லீக் இடத்துக்காக அடிபடுகின்றன. வில்லா பயிற்சியாளர் உனாய் எமெரியின் ஆட்கள் முதல் நிமிடமே பாய்ந்து வருவார்கள். ராஷ்போர்ட் எங்களிடமிருந்து வில்லாவுக்குக் கடனாகப் போனவர் என்பதால் எங்களுக்கு எதிராக ஆட முடியாது. அந்த ஒரு நிம்மதி மட்டும்தான். அவர்களின் வொட்கின்ஸ் எங்கள் ஓரத்து ஆள் முன்னே ஏறின உடனே அந்த இடைவெளிக்குள் ஓடுவார். மோர்கன் ரொஜர்ஸ் எங்கள் நடுக்கள ஆள் கசெமிரோவுக்குப் பின்னால் பந்தை வாங்கித் திரும்பினால் கசெமிரோவால் துரத்திப் பிடிக்க ஏலாது. அதனால்தான் சொல்கிறேன், எங்கள் இளம் நடுக்கள ஆள் மைனூவை முதலிலேயே இறக்குங்கள். இறுதி ஆட்டத்தில் எல்லாம் முடிகிற நேரத்தில் அந்தப் பெடியனைக் களத்துக்கு அனுப்பி என்ன பிரயோசனம்?

வில்லாவின் பின்வரிசை உயர ஏறி நிற்கும். அதற்குப் பின்னால் வெறும் வெளி கிடக்கும். எங்கள் அமாத் பந்தை வாங்கித் திரும்புகிற அந்தக் கணமே கர்னாச்சோ ஓடவேண்டும். புரூனோ பார்த்துப் போடுவார், அவருக்கு அது தெரியும். டொட்டன்ஹாம் மாதிரி இவர்கள் கதவைச் சாத்திக்கொண்டு இருக்கப்போவதில்லை. வெல்லவேண்டும் என்பதால் திறந்துதான் வருவார்கள். இதைவிட நல்ல சந்தர்ப்பம் வேண்டுமா?

போன மாதம் எங்கள் ஊர்க் கழகம் ஒரு ஆட்டத்தில் 0-3 என்று பின்னுக்கு நின்றது. இன்னும் 5 நிமிடம்கூட இல்லை. பதினாறு வயதுப் பெடியன் ஒருவன், எல்லைக்கோட்டைத் தாண்டப்போன பந்துக்குப் பின்னால் ஓடி, கிறவலில் விழுந்து சறுக்கி, அதைக் களத்துக்குள்ளேயே தட்டிவிட்டான். முழங்கால் தோல் உரிந்து இரத்தம். எழும்பித் திரும்பவும் ஓடினான். அவனுக்குச் சம்பளம் இல்லை, சப்பாத்துகூட இரவல். அந்த ஓட்டத்தைத்தான் ஞாயிறு கேட்கிறேன். யூரோப்பா லீக்கில் 5-4 என்று லியோனை வென்ற அந்த ஏப்ரல் இரவில், மேலதிக நேரம் போய் 114ஆவது நிமிடம் வரை 2-4 என்று நின்ற இதே கூட்டம் அப்படித்தானே ஓடியது! அப்போது முடிந்தது இப்போது ஏன் முடியாது?

சனி இரவே டேட்டா போட்டு வைப்பேன். ஞாயிறு பொழுதுபட முதல் வயல் வேலையை முடித்துவிடுவேன். அந்தத் தம்பியையும் வீட்டுக்கு வரச் சொல்லியிருக்கிறேன். முதல் பத்து நிமிடத்தில் நான் பார்க்கப்போவது ஒன்றைத்தான்: அமாத் திரும்பும்போது அவருக்கு முன்னால் எங்கள் ஆள் ஒருவன் ஓடுகிறானா, இல்லையா?