பயத்தைக் கெடுக்கும் மறுஆக்கங்கள்

பழைய திகில் படத்தை மறுபடியும் எடுக்கிறார்கள் என்று கேட்டாலே எனக்கு வயிறு எரிகிறது. 1978இல் வந்த ‘ஹாலோவீன்’ படத்தில், பட்டப்பகலில், கொடியில் காயும் துணிகளுக்கு நடுவே வெளிறிய முகமூடியோடு ஒருவன் அசையாமல் நிற்பான். மறுநொடி அங்கே இருக்க மாட்டான். அதைப் பார்த்துவிட்டு, பொள்ளாச்சியில் எங்கள் தோட்டத்துச் சாளை வாசலில் காய்ந்த அப்பாவின் வேட்டிகளைக் கடக்கவே ஒரு வாரம் நடுங்கினேன். 2007 மறுஆக்கமோ, அவனுடைய சிறுவயதையும் வீட்டுச் சண்டைகளையும் நீட்டி முழக்குகிறது. காரணத்தையெல்லாம் சொல்லிவிட்டால் பயம் எங்கிருந்து வரும்? 1960இன் கறுப்பு வெள்ளை ‘சைக்கோ’வை 1998இல் வண்ணத்தில், ஏறக்குறைய காட்சிக்குக் காட்சி அப்படியே எடுத்தார்களே, அது யாருக்காக? நேற்றிரவு ஈரோட்டில் பார்த்த மறுஆக்கத்திலோ, மௌனமாக நகரவேண்டிய இடமெல்லாம் காதைப் பிளக்கும் இரைச்சல். திடுக்கிட வைப்பதும் அஞ்ச வைப்பதும் ஒன்றா?