கேட்டதைத்தான் எக்ஸ் என்று எடுக்க வேண்டுமா?

தம்பி, ‘சமன்பாட்டுக் கணக்கில் கேள்வி எதைக் கேட்கிறதோ அதைத்தான் எக்ஸ் (தெரியாத எண்) என்று எடுக்க வேண்டும்; இல்லாவிட்டால் பிள்ளைகள் தவறான விடையோடு நின்றுவிடுவார்கள்’ என்று எழுதியிருக்கிறீர்கள். அப்படி விதி ஏதும் இல்லை.

நம்ம மட்டக்களப்புக் கல்லடிப் பக்கக் கணக்காகவே பார்ப்போம். வாவியில் மூவர் பிடித்த மீன் மொத்தம் 55 கிலோ. இரண்டாமவருக்கு முதலாமவரைப்போல் இரண்டு மடங்கு. மூன்றாமவருக்கு இரண்டாமவரைவிட 5 கிலோ கூட. மூன்றாமவருக்கு எவ்வளவு? அதையே எக்ஸ் என்று எடுத்தால் முதலாமவருக்கு (எக்ஸ் − 5)/2 வரும். பின்னத்தோடு மல்லுக்கட்ட வேண்டும். முதலாமவருடையதை எக்ஸ் என்று எடுங்கள்: இரண்டாமவருக்கு 2எக்ஸ், மூன்றாமவருக்கு 2எக்ஸ் + 5. கூட்டினால் 5எக்ஸ் + 5 = 55, எக்ஸ் = 10. முடிந்தது.

சரி, கேட்டது மூன்றாமவருடையது; விடை 10 அல்ல, 2 × 10 + 5 = 25. உங்கள் பயம் இங்கேதான் நியாயம்; பிள்ளைகள் 10 உடன் பேனையை வைத்துவிடுவார்கள். ‘முதலாமவர் பிடித்தது எக்ஸ் கிலோ’ என்று முதல் வரியிலேயே எழுதவையுங்கள். வெறும் ‘மீன் = எக்ஸ்’தான் ஆபத்து.