துப்பாக்கிக்கு 550 டாலர், உறைக்கு 18 டாலரா?

போன வாரம் நண்பர் ஒருவர் வீட்டுக்கு வந்தார். டாலஸில் எங்கள் வீட்டிலிருந்து இரண்டு தெரு தள்ளி இருப்பவர். புதிதாக க்ளாக் 19 என்ற கைத்துப்பாக்கி வாங்கியிருந்தார், 550 டாலர். அதைக் காட்டிவிட்டு, பையிலிருந்து ஒரு கறுப்பு நைலான் உறையை எடுத்து மேசையில் போட்டார். 18 டாலராம். "எல்லா பிஸ்டலுக்கும் சேரும்னு போட்டிருக்கான்" என்று பெருமை வேறு. கையில் எடுத்துப் பார்த்தேன். பழைய சாக்ஸ் மாதிரி துவண்டது. "மூக்குக் கண்ணாடி வைக்க ஆகும்" என்றேன். மனிதருக்குச் சுருக்கென்று கோபம் வந்துவிட்டது.

அவரிடம் சொன்னதையே இங்கேயும் எழுதுகிறேன். துப்பாக்கி வேண்டுமா, வேண்டாமா என்ற சண்டைக்கு இந்தப் பதிவில் இடமில்லை. வாங்கிவிட்டவர்களுக்கு மட்டும் இது. (எச்-1பி நண்பர்கள் இன்பாக்ஸில் கேட்பதற்கு முன்பே சொல்லிவிடுகிறேன்: அந்த மாதிரி விசாவில் இருப்பவர்கள் துப்பாக்கி வைத்திருக்க மத்திய சட்டம் பொதுவாகத் தடை போடுகிறது. சில விதிவிலக்குகள் உண்டு, அதற்கு வக்கீலைப் பாருங்கள், என்னை அல்ல.)

க்ளாக்கில் கட்டை விரலால் தள்ளிப் பூட்டுகிற சேஃப்டி கிடையாது. ட்ரிகரின் நடுவில் ஒரு சின்ன நாக்கு இருக்கும், அதையும் சேர்த்து அழுத்தினால் வெடிக்கும். கீழே விழுந்தால் வெடிக்காமலிருக்க உள்ளே தடுப்புகள் உண்டு. ஆனால் ட்ரிகரைக் கிட்டத்தட்ட இரண்டரை கிலோ விசையில் எது இழுத்தாலும் குண்டு கிளம்பும். இழுத்தது விரலா, சட்டை நுனியா என்று அதற்குத் தெரியாது. எனவே ட்ரிகரை மூடிக் காப்பாற்றுகிற வேலை முழுக்க உறையின் தலையில்தான் விழுகிறது.

உறையே இல்லாவிட்டால் என்ன ஆகும் என்பதற்கு அமெரிக்கக் கால்பந்து ரசிகர்களுக்கு ஒரு பெயர் போதும்: பிளாக்சிகோ பரஸ். 2008 பிப்ரவரியில் சூப்பர் பௌல் இறுதிப் போட்டியை நியூயார்க் ஜயண்ட்ஸ் அணிக்கு வென்று கொடுத்த டச்டவுன் பந்தைப் பிடித்தவர். அதே ஆண்டு நவம்பரில் மன்ஹாட்டனில் ஓர் இரவு விடுதிக்கு க்ளாக்கை இடுப்பில் வெறுமனே செருகிக்கொண்டு போனார். அது கால்சட்டைக்குள் நழுவியது, தாவிப் பிடித்தார், விரல் ட்ரிகரில் பட்டது, குண்டு சொந்தத் தொடையில் பாய்ந்தது. நியூயார்க்கில் உரிமம் இல்லாமல் துப்பாக்கி வைத்திருந்ததற்காக 20 மாதம் சிறையிலும் இருந்தார்.

அவரைப் பார்த்துச் சிரிக்க எனக்கு யோக்கியதை இல்லை. நானும் முதலில் வாங்கியது ஒரு நைலான் உறைதான். 2019 நவம்பரில், குளிர் ஆரம்பித்த நேரம், ஒரு பயிற்சி வகுப்புக்குப் போயிருந்தேன். சுட்டு முடித்துவிட்டு, ஸ்டைலாக, கீழே பார்க்காமலே பிஸ்டலை இடுப்பில் செருகப் போனேன். பக்கத்தில் நின்ற பயிற்சியாளர் என் மணிக்கட்டை இரும்புப் பிடியாகப் பிடித்தார். வாயால் எதுவும் சொல்லவில்லை, கண்ணைக் கீழே காட்டினார். என் ஜாக்கெட்டின் அடிநாடாவில் கோலிக்குண்டு அளவில் ஒரு பிளாஸ்டிக் மணி இருக்குமே, அது ட்ரிகர் வளையத்துக்குள் உட்கார்ந்திருந்தது. இன்னும் ஓர் அங்குலம் அழுத்தியிருந்தால் பரஸுக்குத் துணையாக நானும் போயிருப்பேன். அந்த உறையின் வாய் பிஸ்டலை உருவியதுமே மூடிக்கொள்ளும். அதைத் திறக்க முண்டிக்கொண்டிருந்ததில் நாடா நுழைந்ததை நான் கவனிக்கவில்லை.

2021 செப்டம்பரிலிருந்து டெக்சாஸில் தகுதி உள்ளவர்கள் உரிமம் இல்லாமலே கைத்துப்பாக்கி எடுத்துப் போகலாம். உரிமத்தோடு வந்த வகுப்பின் கட்டாயமும் அதோடு போயிற்று. என் கையைப் பிடித்த மாதிரி பிடிக்க ஒரு ஆள், இன்று புதிதாக வாங்கும் பலருக்கு இல்லை. இத்தனைக்கும் வெளியே தெரிகிற மாதிரி வைத்தால் ஹோல்ஸ்டரில், அதாவது உறையில்தான் இருக்க வேண்டும் என்று அந்தச் சட்டமே சொல்கிறது. எப்படிப்பட்ட ஹோல்ஸ்டர் என்பதை நம் புத்திக்கு விட்டுவிட்டது.

சரி, எதை வாங்குவது? நான் கைடெக்ஸ் கட்சி. சூடாக்கினால் வளைகிற கெட்டிப் பிளாஸ்டிக் தகடு அது. உங்கள் மாடலின் அச்சின் மேல் வைத்து அழுத்தி வார்ப்பார்கள். பிஸ்டல் உள்ளே இறங்கியதும் ட்ரிகர் வளையம் 'டக்' என்று உட்காரும். குண்டுகளை எடுத்து, குழலின் பின்னால் குண்டு உட்காரும் அறையும் காலியா என்று இரண்டு முறை பார்த்துவிட்டு, உள்ளே வைத்துத் தலைகீழாக உதறுங்கள், விழக் கூடாது. ட்ரிகர் இருக்கும் இடத்தில் வெளியிலிருந்து கட்டை விரலால் அமுக்குங்கள், சுவரை அமுக்குவது போல இருக்க வேண்டும். பிஸ்டலில் விளக்கு மாட்டியிருந்தால் அதற்கென்று வார்த்த உறைதான் சேரும். ஓர் உறையில் இரண்டு வாள் ஆகாது என்பார்கள், நண்பருடையதோ இருபது வாளுக்கான உறை.

தோல் உறை அழகுதான், இடுப்புக்கும் இதம். ஆனால் டெக்சாஸ் ஜூலை வியர்வையில் ஊறி ஊறி வாய்ப்பகுதி தளர்ந்துவிடும். தளர்ந்த தோல் மடிந்து ட்ரிகரை அமுக்கி வெடித்த சம்பவங்கள் உண்டு. விளிம்பு துவள ஆரம்பித்தால் பாசம் பார்க்காமல் தூக்கிப் போடுங்கள்.

பிடிமானமும் முக்கியம். 2018 ஜூனில் டென்வரில், பணியில் இல்லாத எஃப்.பி.ஐ. அதிகாரி ஒருவர் மதுக்கூடத்தில் ஆடிக்கொண்டே பின்பக்கமாகக் குட்டிக்கரணம் அடித்தார். இடுப்பிலிருந்த பிஸ்டல் தரையில் விழுந்தது. பதறி எடுக்கும்போது வெடித்து, அங்கிருந்த ஒருவரின் காலில் பாய்ந்தது. நம்மில் யாரும் குட்டிக்கரணம் அடிக்கப் போவதில்லை. குழந்தையைத் தூக்கக் குனிவோம், கார் சீட்டுக்கு அடியில் போனைத் தேடுவோம்.

எங்கே வைப்பது என்பதில் ஆளாளுக்கு ஒரு மதம். இடுப்பைக் கடிகாரமாக நினைத்து, தொப்புளை 12 மணி என்று வைத்துக்கொண்டால் ஒல்லியானவர்கள் ஒரு மணியில் வைக்கிறார்கள், சீக்கிரம் உருவலாம் என்று. அங்கே உட்கார்ந்தால் குழல் தொடையின் பெரிய ரத்தக்குழாயைப் பார்த்துக்கொண்டிருக்கும். என் தொப்பைக்கும் அது ஒத்துவராது, நான் நாலு மணிக்காரன்.

கைப்பையில் வைப்பதை மட்டும் என்னால் ஒத்துக்கொள்ளவே முடியாது. 2014 டிசம்பரில் ஐடாஹோவில் ஒரு கடையில், தாயின் கைப்பையிலிருந்த பிஸ்டலை இரண்டு வயதுக் குழந்தை எடுத்துவிட்டது. தாய் அங்கேயே இறந்துபோனார். துப்பாக்கிக்கென்றே தனி அறை தைத்த பைதான் அது.

இன்னொன்று, யாரும் சொல்லாதது. துப்பாக்கிக்கு அனுமதி இல்லாத இடத்துக்குப் போகும்போது காரிலேயே பூட்டி வைக்க வேண்டியிருக்கும். ஸ்டீயரிங்குக்கும் சீட்டுக்கும் நடுவில் வளைந்துகொண்டு பிஸ்டலை மட்டும் உருவுவதும் செருகுவதும் வேண்டாத வேலை. உறையை பெல்ட்டில் மாட்டுகிற க்ளிப்பைக் கழற்றி, பிஸ்டலை உறையோடு சேர்த்து எடுத்துப் பெட்டியில் வையுங்கள். அப்படிச் சட்டென்று கழல்கிற க்ளிப் இருக்கிறதா என்று வாங்கும்போதே பாருங்கள்.

நேற்று நண்பர் போன் செய்தார். கைடெக்ஸ் உறை ஒன்று 75 டாலருக்கு ஆர்டர் போட்டுவிட்டாராம். அப்புறம் பெல்ட்டைப் பற்றிச் சொன்னேன்: அலுவலகத்துக்குக் கட்டுகிற மெல்லிய பெல்ட் தொங்கிவிடும், உள்ளே தகடு வைத்த கெட்டி பெல்ட் வேண்டும் என்று. எவ்வளவு என்றார். 60 டாலர் என்றேன். கொஞ்ச நேரம் அந்தப் பக்கம் சத்தமே இல்லை.