பரிசு எவ்வளவுன்னு கேட்டது குத்தமாய்யா?

பேசாமல் இருந்துவிடலாம் என்றுதான் பல்லைக் கடித்துக்கொண்டிருந்தேன். நேற்று ராத்திரி இன்னொருத்தரும் அந்த வீடியோவைக் கைதட்டும் எமோஜியோடு அனுப்பி, "என்னா ஸ்பீச் அண்ணே!" என்று போட்டிருந்தார். அதற்கு மேல் முடியவில்லை.

ஞாயிற்றுக்கிழமை நடந்த பூல் (டேபிள் மேல் கோலால் பந்தை அடித்துப் பாக்கெட்டில் போடும் ஆட்டம்) டோர்னமென்ட் ஃபைனல் விவகாரம்தான். பரிசு எவ்வளவு என்று கேட்ட பையனுக்கு அங்கே மைக்கில் நடத்திய உபதேசம்தான் அந்த வீடியோ. எந்த ஹால், மைக்கைப் பிடித்தது யார் என்பதெல்லாம் உங்களுக்கே தெரியும். பெயர் போட்டு அவருக்கு இன்னும் கொஞ்சம் விளம்பரம் தேடித்தர எனக்கு இஷ்டமில்லை.

ஃபைனல் ஆட வந்த தம்பி அப்படி என்னதான் கேட்டுவிட்டான்? ஃபைனலுக்கு முன்னால் டேபிளை பிரஷ் போட்டுக்கொண்டிருந்தபோது, "அண்ணா, ஜெயிச்சா எவ்ளோ? ரன்னருக்கு ஏதாச்சும் உண்டா?" என்றான். குரலைத் தாழ்த்தித்தான் கேட்டான். அதற்குக் கால் மணி நேரம் உபதேசம். காசை நினைத்து ஆடுகிறவன் சாம்பியன் ஆக முடியாதாம். உள்ளே ஒரு நெருப்பு இருக்கணுமாம். ஐயா, எண்ட்ரி ஃபீ 500 ரூபாய்க்குப் பதிலாக அவன் அந்த நெருப்பைக் கொடுத்திருந்தால் வாங்கிக்கொண்டிருப்பீர்களா?

நெருப்புப் பேச்சு முடிந்து, முகம் சிவக்க டேபிளுக்குப் போனவன் ஹில்-ஹில் வரைக்கும், அதாவது இரண்டு பேருக்கும் இன்னும் ஒரே ஒரு ரேக் (ஒரு சுற்று ஆட்டம்) ஜெயித்தால் போதும் என்கிற நிலை வரைக்கும், இழுத்துக்கொண்டு போனான். கடைசி ரேக்கில், விழுந்தால் ஜெயிப்பு என்கிற ஒன்பதாம் பந்து பாக்கெட் வாயில் இரண்டு பக்கமும் தட்டி அப்படியே நின்றுவிட்டது. 7-6-ல் தோத்தான். ஜெயித்தவனுக்கு ஆள் உயரக் கோப்பை, சால்வை. இவனுக்குச் சால்வை மட்டும். அவன் வேலை பார்க்கிற மொபைல் சர்வீஸ் கடையில் அன்றைக்கு லீவு போட்டால் ஒருநாள் சம்பளம் போச்சு. அந்தக் கணக்கு மேடையில் உட்கார்ந்திருந்த யாருக்கும் தேவைப்படவில்லை.

நான் சொல்ல வருவது ஒன்றே ஒன்றுதான். பந்தயத்தில் ஏதாவது இருந்தால்தான் ஆட்டம் வரும். சும்மா ஆடச் சொன்னால் சும்மாதான் ஆடுவான்.

ஹால் பக்கமே தலைவைத்துப் படுக்காதவர்களுக்காக ஒரு விஷயம். நம்ம ஊர் பூல் பார்லர்களில் யாரும் எழுதி ஒட்டாத சட்டம் ஒன்று உண்டு: தோத்தவன் டேபிள் காசு கட்டணும். நான் காலேஜ் படிக்கும்போது வடபழனிப் பக்கம் மாடியில் ஒரு ஹால். சட்டைப் பையில் பஸ்ஸுக்கு மட்டும் காசு வைத்துக்கொண்டு ஆடிய நாட்களில் நான் பாட் பண்ணிய (பாக்கெட்டில் விழ வைத்த) பந்துகளை, பிற்பாடு சம்பளக்காரனாகச் சொந்த கியூ (ஆடுகிற கோல்) வாங்கி ஆடியபோது ஒருநாளும் பாட் பண்ணியதில்லை. தோத்தால் வளசரவாக்கம் வரைக்கும் நடை. அதனால் ஒவ்வொரு ஷாட்டுக்கும் முன்னால் டேபிளை ஒரு சுற்றுச் சுற்றி வந்து பார்ப்பேன். இந்தப் பந்து விழுந்தால் அடிக்கிற வெள்ளைப் பந்து எங்கே போய் நிற்கும், விழாவிட்டால் எதிராளிக்கு என்ன மிச்சம் இருக்கும் என்று மண்டைக்குள் ஓட்டிப் பார்த்துவிட்டுத்தான் குனிவேன். எனக்கு சேஃப்டி, அதாவது எதிராளிக்குச் சுலபமான ஷாட் மிச்சம் வைக்காமல், ஆடக் கற்றுக்கொடுத்தது எந்தக் கோச்சும் இல்லை, அந்த நடைதான்.

"அப்ப சூதாட்டத்த சப்போர்ட் பண்றீங்களா?" வந்துடுச்சா, வரட்டும். எண்ட்ரி ஃபீ வாங்கினால் பரிசுத் தொகையை வெளிப்படையாகச் சொல் என்பது சூதாட்டமா? ஐபிஎல்லில் ஏலம் போட்டுப் பல கோடிக்கு ஆள் எடுத்தால் மட்டும் அது விளையாட்டா?

பிலிப்பைன்ஸ் பூல் ஆட்டக்காரர் எஃப்ரன் ரேயஸ் பெயரைச் சொன்னால் அதே உபதேசக்காரர்கள் கன்னத்தில் போட்டுக்கொள்வார்கள். அவர் எப்படி வளர்ந்தார் தெரியுமா? மணிலாவில் சொந்தக்காரரின் பூல் ஹாலில். உயரம் பத்தாமல் கோலா பெட்டி மேல் ஏறி நின்று ஆடி, ராத்திரி அந்த டேபிள் மேலேயே படுத்துத் தூங்கிய பையன். ஊரில் பந்தயத்துக்கு ஆடி ஆடியே தேறியவர். 1985-ல் அமெரிக்காவுக்குப் போனபோது பெயர் தெரிந்தால் எவனும் எதிரே நிற்கமாட்டான் என்று செசார் மொராலெஸ் என்று வேறு பெயரில் ஆடினார். 1996-ல் ஹாங்காங்கில் அமெரிக்க ஆட்டக்காரர் ஏர்ல் ஸ்ட்ரிக்லேண்டோடு, முதலில் 120 ரேக் எடுப்பவன் ஜெயித்தான் என்கிற ரேஸ். ஜெயித்தவனுக்கே மொத்தமும், ஒரு லட்சம் டாலர். ரொம்ப நேரம் பின்தங்கிக் கிடந்து 120-117-ல் முடித்தார். அதற்குப் பிறகுதான் 1999-ல் கார்டிஃபில் நைன்-பால் உலக சாம்பியன். காசை நினைத்து ஆடினவன் சாம்பியன் ஆகமாட்டானாமே?

பூல் வேண்டாம், அதே வகை ஆட்டமான ஸ்னூக்கருக்கு வாங்க. 2010-ல் கிளாஸ்கோவில் இங்கிலாந்துக்காரர் ரோனி ஓ'சல்லிவன் பிரேக்கை (விடாமல் அடுத்தடுத்துப் பந்துகளை விழ வைப்பது) தொடங்கின கொஞ்ச நேரத்திலேயே ரெஃப்ரீயிடம், 147, அதாவது ஒரே பிரேக்கில் முழு பாயின்ட், அடித்தால் என்ன பரிசு என்று கேட்டார். அதற்கென்று தனியாக ஒன்றும் கிடையாது, டோர்னமென்ட்டிலேயே பெரிய பிரேக்குக்கு 4,000 பவுண்டுதான் என்று தெரிந்தது. பிங்க் வரைக்கும் அடித்து முடித்து, ஏழு பாயின்ட் கறுப்பை அப்படியே விட்டுவிட்டு எதிராளியோடு கை குலுக்கப் போய்விட்டார். ரசிகர்களுக்காக அதையும் அடியுங்கள் என்று ரெஃப்ரீ கேட்டுக்கொண்ட பிறகுதான் அடித்தார். 2016 வெல்ஷ் ஓபனில் 147-க்குப் பரிசு 10,000 பவுண்டு, எனக்கு இது பத்தாது என்று வேண்டுமென்றே 146-ல் நிறுத்தினார். அதைப் பார்த்து "ஜீனியஸ்" என்று ஸ்டேட்டஸ் வைத்தவர்கள் நம் குரூப்பிலேயே இருக்கிறார்கள். அதே கேள்வியை நம்ம ஊர்ப் பையன் கேட்டால் மட்டும் பேராசை. வெள்ளைக்காரன் கேட்டால் ஸ்டைல், சர்வீஸ் கடைப் பையன் கேட்டால் காசுக்கு அலைச்சல். நல்லா இருக்குய்யா உங்க நியாயம்.

"நம்ம சென்னைப் பொண்ணு அனுபமா ராமச்சந்திரன் 2025-ல தோஹாவுல ஸ்னூக்கர் உலக சாம்பியன் ஆனாங்களே, அவங்க காசுக்காகவா ஆடினாங்க?" என்று ஒரு நண்பர் இன்பாக்ஸில் மடக்குகிறார். அவர் மனசுக்குள் என்ன இருந்தது என்று உங்களுக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. உலகப் பட்டமே பந்தயத்தில் இருக்கிற ஃபைனலையும், சால்வை மட்டும் இருக்கிற ஃபைனலையும் ஒன்றாக வைத்துப் பேசாதீர்கள். அடுத்தது.

சரி, காசு மட்டும்தானா என்று கேட்டால், அதையும் சொல்கிறேன். அமெரிக்காவில் மைக்கேல்ஸ் என்ற ஆராய்ச்சியாளரும் அவருடைய குழுவும் 1982-ல் ஒரு ஆய்வு வெளியிட்டார்கள். கல்லூரி பூல் ஹாலில் ஆடுகிறவர்களை முதலில் அவர்களுக்கே தெரியாமல் கவனித்தார்கள். நல்ல ஆட்டக்காரர்கள் 71 சதவீத ஷாட்டுகளை விழ வைத்தார்கள், சுமாரானவர்கள் 36 சதவீதம். பிறகு நாலு பேர் டேபிள் பக்கத்தில் போய் நின்று வேடிக்கை பார்த்தார்கள். நல்லவர்கள் 80-க்கு ஏறினார்கள், சுமாரானவர்கள் 25-க்கு இறங்கினார்கள். ஆட்டம் தெரிந்தவனை நாலு பேர் நின்று பார்த்தால் அவன் இன்னும் நன்றாக ஆடுகிறான். பார்க்கணும், அவ்வளவுதான். பாடம் நடத்தக்கூடாது.

எங்கள் ஹாலில் ஒரு மார்க்கர் அண்ணன் இருந்தார். ஸ்கோர் போடுவது, சாக்பீஸ் எடுத்து வைப்பது, துணியில் ஓட்டை விழுந்தால் பிளாஸ்டர் ஒட்டுவது எல்லாம் அவர்தான். கஷ்டமான ஷாட் வந்தால் துடைத்துக்கொண்டிருக்கிற பந்தைக் கையிலேயே வைத்துக்கொண்டு அப்படியே நிற்பார். விழுந்தால் ஒன்றும் சொல்ல மாட்டார், திரும்பத் துடைக்க ஆரம்பித்துவிடுவார். அவர் நின்றுவிட்டார் என்று ஓரக்கண்ணில் தெரிந்தால் எனக்குக் கை நடுங்காது. ஏன் என்று கேட்டால் எனக்குச் சொல்லத் தெரியாது.

வீட்டில் அப்படி யாரும் நின்றதில்லை. ஒருதடவை ஒரு டோர்னமென்ட் ஜெயித்து, பரிசாகச் சுவர்க் கடிகாரம் கொண்டுவந்தேன். அதில் ஸ்பான்சர் கடைப் பெயர் இருந்தது, என் பெயர் இல்லை. அம்மா, "பேட்டரி உள்ளயே இருக்காடா?" என்றார். அப்பா பேப்பரைவிட்டுத் தலையை எடுக்கவில்லை. பின்னால் எனக்குப் பெண் பார்க்கப் போன இடத்தில், "பையன் கிளப்புக்கெல்லாம் போவானாமே" என்று அவர்கள் கேட்டதற்கு, "அதெல்லாம் விட்டுட்டான்" என்று பதில் சொன்னது அப்பாதான். நான் விட்டிருக்கவில்லை. அவருக்காக அதற்குப் பிறகு விட்டேன். ஒரு லட்ச ரூபாய் செக்கோடு போயிருந்தால் அந்தப் பேப்பர் கீழே இறங்கியிருக்கும் என்று இன்றைக்கும் நம்புகிறேன். "குடும்பத்தோட அன்பைப் பணத்துல அளக்காதீங்க" என்று யாராவது கமெண்ட் போட்டால் பிளாக்தான்.

இன்னொரு பிலிப்பைன்ஸ் பூல் ஆட்டக்காரர் ஃப்ரான்சிஸ்கோ புஸ்டமான்டே 2002-ல் கார்டிஃபில் உலக சாம்பியன்ஷிப் ஆடிக்கொண்டிருந்தபோது, ஊரில் அவருடைய கைக்குழந்தை இறந்துபோன செய்தி வந்தது. மனுஷன் விலகவில்லை, ஃபைனல் வரைக்கும் ஆடினார். 15-17-ல் தோத்தார். அந்த உலகப் பட்டம் அவருக்கு 2010-ல்தான் கிடைத்தது. அவரைக் குனிந்து அந்தப் பந்துகளை அடிக்க வைத்தது எது? காசு என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. நெருப்பு என்று சொல்ல எவனுக்கும் யோக்கியதை கிடையாது. ஆட்டக்காரன் மனசுக்குள் இருக்கிறது அவனுடைய சொத்து. மைக்கை வைத்துக்கொண்டு அதில் கை வைக்காதீர்கள். உங்கள் பொறுப்பு வெளியே இருக்கிறது: நேரான ஹவுஸ் கியூ, லெவல் பார்த்த டேபிள், சொன்ன நேரத்துக்கு மேட்ச், சொன்ன பரிசு.

போஸ்டரில் சிறப்பு விருந்தினர் படம் போட இடம் இருக்கிறது, பரிசுத் தொகை போட இடம் இல்லையா? எண்ட்ரி ஃபீ மொத்தம் எவ்வளவு வந்தது, எங்கே போனது என்று கேட்டால் குரூப்பிலிருந்து தூக்குகிறீர்கள். என்னையும் தூக்குங்கள், அட்மின் யாரென்று தெரியும்.

"குறை சொல்றது ஈஸி, நீங்க ஒரு டோர்னமென்ட் நடத்திப் பாருங்க" என்று எழுத விரல் துடிக்கிறவர்களுக்கு: ஸ்பான்சர் பிடித்துக் கொடுங்கள், நடத்துகிறேன். வின்னர், ரன்னர், செமியில் தோத்த இரண்டு பேர், எல்லோருக்கும் காசு. முன்னாடியே எழுதி டேபிள் பக்கத்தில் ஒட்டிவிடுவேன், யாரும் குரலைத் தாழ்த்திக் கேட்க வேண்டியதில்லை. சால்வை வாங்கமாட்டேன். மைக்கும் கிடையாது.